வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு, வெயில் தாங்காத கண்களுடன்

போன ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தியும் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்தோம். பதினொரு கிலோமீற்றர்தான். ஆனால் இந்த நாட்களில், வெளிச்சம் கூசும் கண்ணுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு இதே வழியால் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். பெயர்கள் போடவில்லை. காலம் அப்படி. அம்மா படுத்த பிறகு, கீபோர்ட் சத்தம் கேட்காமல் எழுதுவதால் பிழைகள் இருக்கலாம்.

போன காரணம் சித்தியின் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதுதான் வழக்கம். ஆனால் மாப்பிள்ளையின் அடையாள அட்டையில் கிளிநொச்சி முகவரி; வடக்கில் சண்டை நடப்பதால் அந்த முகவரியைக் கண்டால் சாவடிகளில் மறித்து வைப்பார்கள். கொட்டாஞ்சேனையில் தையல் மெஷின் திருத்துகிறார். ஏழு மாதமாக அந்தப் பகுதியை விட்டு வெளியே வரவில்லை. அவருடைய அம்மாவுக்குக் கால் முறிவு. ஆகவே நாங்கள் போனோம். என் அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால் துணைக்கு நான். உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறேன், கேட்டால் விளங்கப்படுத்துவேன் என்பது அம்மாவின் நம்பிக்கை.

விளங்கப்படுத்த வேண்டியது சித்தியின் கண்ணை. கண்மணியைச் சுற்றி இருக்கும் நிற வளையமான கதிராளி சித்திக்குப் பிறவியிலேயே இல்லை. கறுப்பு மட்டும்தான். வெளிச்சத்தைக் குறைக்க வழியில்லாததால் பகலில் கறுப்புக் கண்ணாடி வேண்டும். கண்கள் சற்று ஆடிக்கொண்டும் இருக்கும்.

"எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொல்லு. அதோட கதை முடிஞ்சுது" என்று சொல்லி அனுப்பினார் அம்மா.

அது பொய் இல்லை. உண்மையிலேயே ஒருவருக்கும் இல்லை. ஆனால் கதை அதோடு முடியாது என்று எனக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே தெரியும். ரியூஷனில், கலங்கள் (செல்கள்) கண், தோல் என்று வேறுபடும் கல வியத்தம் படித்தபோது, கண்ணை உருவாக்கும் பாக்ஸ்-6 என்ற பரம்பரையலகு, அதாவது ஜீன், வந்தது. அதில் வரும் பழுது முதலில் சித்தியில் தொடங்கியிருந்தாலும், தொடங்கிய பிறகு பிள்ளைக்குப் போகலாம். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பதினோராவது சம்பந்தம் என்னால் குழம்பும். சொல்லாவிட்டால் நாளைக்கு ஒரு பிள்ளை வெயிலில் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

2.40 ரயில். தயவுசெய்து கடல் பக்கம் உட்காராதீர்கள். பின்னேர வெயில் தண்ணீரில் பட்டுப் பெட்டிக்குள் அடிக்கும். நாங்கள் அந்தப் பிழையைச் செய்து, பம்பலப்பிட்டியில் இடம் மாறினோம். கொம்பனித்தெருவில் நிறையப் பேர் இறங்கியதும் மூலை ஆசனம் கிடைத்தது. 3.05க்குக் கோட்டை.

வெளியேறும் வாசலில் சோதனைச் சாவடி, பெண்களுக்குத் தனி வரிசை. இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அங்கிருந்த பொலிஸ் அக்கா சித்தியைக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் அவரே ஒரு அடி பின்னால் போனார். என்ன மருந்து எடுத்தாய் என்று சிங்களத்தில் கேட்டார். சித்திக்குச் சிங்களம் விளங்கும், பேச வராது. வெளிச்சத்தில் கண்ணால் தண்ணீர் ஓடியது.  நான் முன்னுக்குப் போய், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தத் தொடங்கினேன்.

ஒலிபெருக்கியில் ரயில் அறிவிப்புப் போய்க்கொண்டிருந்தது. அதைக் காட்டித்தான் சொன்னேன். எல்லா ரயிலும் ஒரே அட்டவணையில் இருக்கிறது. அறிவிப்பவர் எதை வாசிக்கிறாரோ அந்த மேடைக்குத்தான் சனம் போகிறது. உடம்பிலும் ஒவ்வொரு கலத்திலும் முழு அட்டவணையும் இருக்கிறது. பாக்ஸ்-6 ஒரு புரதத்தை உண்டாக்கும். அந்தப் புரதம்தான் கருவில், கண்ணுக்குரிய வரிகளை இப்போது வாசி என்று சொல்லும் அறிவிப்பாளர். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு ஒலிபெருக்கி. சித்திக்கு ஒன்று பழுது. கண் உண்டானது, ஆனால் சத்தம் காணாததால் கதிராளிக்குப் போக வேண்டிய கலங்களுக்கு அறிவிப்புக் கேட்கவில்லை.

பொலிஸ் அக்கா இன்னொரு தரம் கண்ணைப் பார்த்தார். இந்த முறை கிட்ட வந்து. பிறகு கண்ணாடியைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டு, இவருக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கும் வருமா, நங்கி, என்று தங்கச்சியைக் கூப்பிடுவதுபோலக் கேட்டார்.

அவர் கேட்டது சும்மா ஒரு கேள்விதான். ஆனால் சோதனைச் சாவடியில் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அரைவாசிக்கு அரைவாசி, ஒவ்வொரு பிள்ளைக்கும், என்றேன். சித்திக்குச் சிங்களம் விளங்கும் என்பது வாயை மூடிய பிறகுதான் நினைவு வந்தது.

கோட்டையிலிருந்து ஓட்டோ. 250 கேட்டார், 180க்கு வந்தார். சாரதி கண்ணாடியில் பார்த்து, மேடம் சினிமா நடிகையா என்றார்.

"ஓம், வில்லி" என்றார் சித்தி.  புறக்கோட்டை நெரிசலைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நீ அங்க சொன்னது உண்மையோ?"

"ஓம் சித்தி."

"உன்ர அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"சரி. அங்க நீ வாய் திறக்காத."

என்னைப் பொய்யில் சேர்க்கிறார் என்றுதான் நினைத்தேன். 3.50க்கு வீட்டுக்குப் போனோம். முதலாம் மாடி, படி செங்குத்து. மாப்பிள்ளையின் அம்மா மூலிகைப் பத்துப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி இருந்தார். தேத்தண்ணியும் ரோல்ஸும் வந்தன. கண் பரம்பரையாக வருமோ என்ற, எதிர்பார்த்த கேள்வியும் வந்தது. அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், படிக்கிற பிள்ளை என்று.

சித்தி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"பிள்ளையைக் கேளாதேங்கோ, நான் சொல்லுறன். எனக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் இப்பிடி வரலாம். அரைவாசிக்கு அரைவாசி."

தரகர் அப்படிச் சொல்லவில்லையே என்றார் அந்த அம்மா. தரகருக்குத் தெரியாது, எனக்கே கோட்டையில்தான் தெரிந்தது என்றார் சித்தி. மாப்பிள்ளை எழும்பிப் போய், சித்தியின் முகத்துக்கு நேரே இருந்த ஜன்னலின் திரையை இழுத்துவிட்டு வந்து இருந்தார். ஐந்தே முக்கால் வரை சமையல், வாடகை, பொலிஸ் பதிவு என்று கதை போனது. வெளிக்கிடும்போது அவருடைய அம்மா, யோசித்துச் சொல்கிறோம் என்றார். பத்துத் தரம் கேட்ட வசனம். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

மாப்பிள்ளை ஓட்டோ பிடித்துத்தரச் சந்தி வரை வந்தார். வெயில் இறங்கியிருந்தது. சித்தி கண்ணாடி இல்லாமல் நடந்தார்.

"எந்த நேரத்தில உங்களுக்கு நல்லாத் தெரியும்?" என்று கேட்டார் அவர்.

"இந்த நேரம்தான். இருட்ட முன்னம்."

"அப்ப வாற ஞாயிறு இந்த நேரத்துக்கு நான் வெள்ளவத்தைக்கு வாறன்."

சித்தி நின்றுவிட்டார். "வழியில மறிப்பாங்கள்."

"உங்களையும்தானே மறிச்சாங்கள்" என்றார்.

6.15 ரயிலில் சித்தி கடல் பக்க ஜன்னலில் உட்கார்ந்தார். வெள்ளவத்தை வரை அப்படியே பார்த்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்குக் காய்ச்சல் இன்றுதான் விட்டது; நாளைக் காலையில் சித்தி அவருக்கு எல்லாவற்றையும் சொல்லப் போகிறார், நான் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். சாவடியை விட அதுதான் எனக்குப் பயம். ஆனால் நிற்பேன். மாப்பிள்ளையின் அம்மா என்ன முடிவு சொல்வார் என்பது எனக்குத் தெரியாது.

தெரிந்ததைச் சொல்கிறேன். போகும்போது கடலுக்கு எதிர்ப்பக்க ஆசனம், தொப்பி, மாற்றுக் கண்ணாடி ஒன்று. கண் வைத்தியரின் கடிதம் சிங்களத்தில் இருந்தால் நல்லது; நாங்கள் கொண்டுபோகவில்லை. கழற்றச் சொன்னால் உடனே கழற்றுங்கள், நிழலில் நின்று கழற்ற அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

எதிர்ப்பக்கமாக, கொட்டாஞ்சேனையிலிருந்து பின்னேரம் வருபவர்களுக்கு: அடையாள அட்டையையும், தங்கியிருக்கும் இடத்தைக் காட்டும் பொலிஸ் பதிவுத் துண்டையும் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். கையில் பார்சல் வேண்டாம், பழமும் வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். 5.30க்கு முன் கோட்டைக்கு வந்தால் வரிசை குறைவு. வெள்ளவத்தையில் இறங்கியதும் வழி கேட்க ஆள் தேட வேண்டாம். ஸ்டேஷன் வாசலில், கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார்.