சூடு என்று விட்டுவிட முடியவில்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வீட்டுக்கு வந்து பாத்ரூமுக்குள் போனேன். சிறுநீர் சிவப்பாக இறங்கியது, பீட்ரூட் கழுவிய தண்ணீர் மாதிரி. மாதவிலக்கு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. எரிச்சல் இல்லை, வலியும் இல்லை. வலி இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் தோலுக்குச் சாயம் ஏற்றுகிற வேலை பார்த்தவர். நான் பிளஸ் டூ படிக்கும்போது அவருக்கும் இப்படித்தான் வலியில்லாமல் இரத்தம் போனது. எல்லோரும் சூடு என்றார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார், நின்றுவிட்டது. இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தது, மறுபடி நின்றது. மதுரைக்குக் கூட்டிப்போனபோது மூத்திரப்பையில் இருந்த புற்றுநோய் வெளியே பரவியிருந்தது. அவர் போன பிறகுதான் நான் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தேன்.

என் கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். அன்று லீவு என்பதால் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சூடுதான் புள்ள. இம்புட்டு தூரம் ஓடுனா என்னாகும்? ரெண்டு இளநி குடி, சரியாப் போயிரும்."

"எங்க அத்தாகிட்டயும் இதத்தான் சொன்னாங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த முறை வந்ததை டப்பாவில் பிடித்துக்கொண்டு நான் வேலை பார்க்கும் லேபுக்குப் போனேன். ஞாயிறு மதியம் வரை திறந்திருக்கும். டப்பாவில் என் பெயரை எழுதவில்லை. யாருடையது என்று கேட்ட லேப் பெண்ணிடம் பக்கத்து வீட்டு அக்காவுடையது என்றேன். டெஸ்ட் ஸ்ட்ரிப்பை நனைத்ததும் இரத்தத்தைக் காட்டும் மஞ்சள் கட்டம் கரும்பச்சையாக மாறியது. கடுமையாக ஓடித் தசை சிதைந்தாலும் அந்த நிறம் வரும், மைக்ராஸ்கோப்பில் அணுக்கள் தெரிந்தால்தான் இரத்தம். ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் சிவப்பணுக்கள். எத்தனையோ பேருடைய ரிப்போர்ட்டில் "நிறைய" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல் அவர்கள் வீட்டுக்குள் போய் என்ன செய்திருக்கும் என்று அன்றுவரை நினைத்ததில்லை.

திங்கட்கிழமை டாக்டரம்மாவைப் பார்த்தேன். எப்படி ஓடினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரெட்டியார்சத்திரம் ரோட்டில் ஒரு பெண் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் கிளம்பும்போதே ஒரு சொட்டு மிச்சமில்லாமல் போய்விட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் ஓடுவேன் என்றேன். காலியான மூத்திரப்பையின் சுவர்கள் ஓட்டத்தில் ஒன்றோடொன்று மோதினாலே இரத்தம் கசியலாம், ஓய்வெடுத்தால் இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும் என்று விளக்கினார். எனக்கு மூச்சு வந்தது. அத்தாவைப் பற்றிச் சொன்னதும் அவர் பேனாவை எடுத்தார்.

"ஓட்டத்தாலதான்னு நானா முடிவு பண்ணி உங்கள அனுப்ப மாட்டேம்மா. நாப்பது தாண்டிட்டீங்க. இன்னிக்கு ஸ்கேன் எடுங்க. மூணு நாள் ஓடாம இருந்துட்டு மறுபடி டெஸ்ட் பண்ணுங்க. அது நல்லா வந்தாலும் மதுரையில மூத்திரப்பைக்குள்ள டியூப் விட்டு ஒரு தடவ பாத்துருவோம்."

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை ஸ்லைடும் சுத்தமாக இருந்தது. ஒன்றுக்கு மூன்று ஸ்லைடு போட்டுப் பார்த்தேன், ஒரு சிவப்பணுகூட இல்லை. வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். என்னால் முடியவில்லை. அத்தாவுக்கும் இப்படித்தான் நின்றது. மதுரைக்குப் போகும்வரை அந்தப் பன்னிரண்டு நாளும் ஒவ்வொரு முறையும் டப்பாவில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

மதுரையில் மரத்துப்போக மருந்து விட்டுக் குழாயை உள்ளே செலுத்தினார்கள். பக்கத்தில் இருந்த திரையை நானும் பார்த்தேன். இளஞ்சிவப்புச் சுவர், மெல்லிய இரத்தக் குழாய்கள். டாக்டர் குழாயை மெதுவாகத் திருப்பி மூலை மூலையாகக் காட்டினார். ஓரிடத்தில் நின்றார். நான் பெட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இதுதான் கிட்னியில இருந்து மூத்திரம் இறங்குற வாய். எல்லாம் சுத்தமா இருக்கு."

வெளியே வந்து கணவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். "சூடுன்னு சொல்லியிருக்கக் கூடாது நான்," என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சிறுநீர் எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் போல இருந்தது. குழாய் விட்டால் இப்படி இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். வாடிப்பட்டி தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, நான் வரும்வரை கணவர் கழிவறை வாசலிலேயே நின்றார்.

அடுத்த மாதம் மறுபடி ஓடத் தொடங்கினேன், ஐந்து கிலோமீட்டர் மட்டும். கிளம்பும் முன் தண்ணீர் குடிக்கிறேன். திரும்பி வந்ததும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறேன்.