பரலோக மந்திரத்தின் மற்றப் பாதி

எங்கள் வட்டாரத்தில் யார் வீட்டில் செபமாலை என்றாலும் முந்திச் சொல்வது நான்தான். புது வீடு குடிபுகுதல், செத்த வீடு, நோயாளி கிடக்கும் வீடு, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அக்காவுக்கு மாதாவில் அப்படியொரு பக்தி என்று பெண்கள் சொல்லும்போது நான் மறுப்பதில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டிவரும். பக்தியாவது கிக்தியாவது! முந்திச் சொல்கிறவருக்கு ஒரு வசதி இருக்கிறது. அதற்காகத்தான் போனேன்.

பரலோக மந்திரத்தை நாங்கள் இரண்டாகப் பிரித்துச் சொல்வோம். ஆண்டவருடைய சித்தம் பூலோகத்திலும் நடக்கட்டும் என்பதுவரை முந்துகிறவர் தனியாகச் சொல்வார். மற்றப் பாதியை அங்கே இருக்கும் எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களையும் பொறுத்தருளும் என்ற வரி அந்த மற்றப் பாதியில்தான் வருகிறது. பதினொரு வருஷமாக அது என் வாயால் வந்ததில்லை. பூசையில் எல்லோரும் ஒன்றாகச் சொல்லும்போது சரியாக அந்த இடத்தில் எனக்கு இருமல் வரும்.

மற்றதெல்லாம் செய்தேன். தவக்காலம் முழுக்க மச்சம் மாமிசம் தொடமாட்டேன். சிலுவைப்பாதையில் பதினான்கு தலத்துக்கும் முழங்காலில் நிற்பேன். பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொய், ஊர்வம்பு என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். இதை மட்டும் சொன்னதில்லை.

நான் பொறுக்கவேண்டிய ஆள் கோயிலில் எனக்கு இரண்டு வாங்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு அடுத்த வளவில்தான் வீடு. என் மனுசனோடு சின்ன வயதிலிருந்தே கடலுக்குப் போனவர். அன்றைக்குக் காற்று எழும்பிய நேரம் பார்த்து என் மனுசனின் எஞ்சின் நின்றுவிட்டது. இவர் தன் வள்ளத்தில் அந்தப் பக்கமாகத்தான் வந்திருக்கிறார். அதை மறைக்கவுமில்லை. கரைக்கு வந்ததும் நேரே என்னிடம் வந்து சொன்னார்.

"கண்டனான் தங்கச்சி. சேர்ட்டைக் கழட்டி வீசிக் கூப்பிட்டவன். காத்துக்குத் திருப்ப ஏலாமப் போச்சு."

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. வள்ளத்தைப் பார்த்தேன். உள்ளே அவருடைய வலை ஈரம் சொட்ட, மீனோடு கிடந்தது. வள்ளத்தைத் திருப்ப விடாத காற்று வலையை இழுக்க விட்டிருக்கிறது. மூன்றாம் நாள் என் மனுசனின் உடல் காரைநகர்ப் பக்கம் ஒதுங்கியது.

வலையை இழுத்த பிறகு கண்டாரா, கண்ட பிறகு இழுத்தாரா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டு, அவர்மேல் பிழையில்லை என்று தெரிந்துவிட்டால் நான் என்ன செய்வது? அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளைகளை வளர்த்தேன். அவரோடு ஒரு சொல் பேசவில்லை.

இந்த வருஷம் தவக்காலத்தில் அவருக்கு முடியாமல் போனது. ஈரலில் வருத்தம். யாழ்ப்பாணத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். காலையில் கோயில் சுவாமி வந்து கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். மத்தியானம் அவருடைய மனைவி என் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்களைத்தான் கேக்கிறார். நீங்கள்தான் செபம் சொல்ல வேணுமாம்."

போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்றுதான் போனேன். வேறு நல்ல எண்ணம் எதுவும் இருந்ததாக எழுதினால் அது பொய்.

கட்டிலோடு ஒட்டிக் கிடந்தார். எனக்குக் கதிரை போட்டுவிட்டு, அவள் சுடுதண்ணி எடுக்கக் குசினிக்குப் போனாள். நான் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு வழக்கம்போல ஆரம்பிக்க வாயெடுத்தேன். அவர் கையை அசைத்து என்னை நிறுத்தினார். பிறகு தானே ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. முதற்பாதியைச் சொல்லி முடித்து, என்னைப் பார்த்தார். அறையில் வேறு ஒருவருமில்லை.

"தங்கச்சி, மிச்சத்தைச் சொல்லும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு வாங்கு முன்னால் இருந்துகொண்டு இந்த மனிதர் பதினொரு வருஷமாக என் இருமலைக் கேட்டிருக்கிறார்.

அன்றன்றைய உணவைக் கேட்கிற வரியைச் சொன்னேன். அடுத்தது அந்த வரி. அவர் கண்ணை எடுக்கவில்லை. குசினியில் பாத்திரம் மூடுகிற சத்தம் கேட்டது. அந்த வலையைப் பற்றியாவது அப்போது கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை. இருமினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் நேரே அருள்நிறை மந்திரத்துக்குப் போனேன். மனைவி வந்து சேர்ந்து, அதன் மற்றப் பாதியை அவள் சொன்னாள். அவருடைய வாய் பிறகு அசையவேயில்லை.

மறுநாள் விடியக் கோயிலில் துக்கமணி அடித்தது.

செத்த வீட்டிலும் நான்தான் முந்தினேன். வீடு நிறையச் சனம். என் பாதியை நான் முடித்ததும் எல்லோரும் மற்றப் பாதியைத் தொடங்கினார்கள். என்னை அறியாமல் என் வாயும் சேர்ந்து சொன்னது. அந்த வரியில் நிற்கவில்லை, இருமல் வரவில்லை. முழுவதும் சொல்லி முடித்தேன். அவர் பெட்டிக்குள் கிடந்தார்.

செபம் முடிய அவருடைய மனைவி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்கள் வந்து செபம் சொன்னபடியால்தான் அக்கா, அவர் நிம்மதியாப் போனவர்."

"ஓம்" என்று தலையை ஆட்டினேன்.