பிழைக்குமா என்று தேடுகிறவர்கள்

மின்விசிறியை நிறுத்திவிட்டு, குடவாசல் வீட்டுக் கூடத்தின் சிமெண்டுத் தரையெங்கும் துண்டுச் சீட்டுகளைப் பரப்பி, அவற்றுக்கு நடுவே துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு அண்ணி உட்கார்ந்திருந்த அந்தப் புரட்டாசி மத்தியானம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். காற்றில் சீட்டு பறந்துவிடக் கூடாது என்பதற்காக விசிறி ஓடவில்லை. எங்கள் இருவருக்கும் வியர்த்து ஊற்றியது. ஒவ்வொரு சீட்டிலும் யாரோ எங்கிருந்தோ கைப்பேசியில் தட்டித் தேடிய ஒரு வரி. ‘சம்பா நெல் இலை மஞ்சள் ஏன்’, ‘வயலில் தண்ணீர் நின்றால் என்ன செய்வது’, ‘பயிர்க் காப்பீடு எப்படிக் கட்டுவது’, ‘குடவாசல் உரக்கடை’. அண்ணி ஒரு சீட்டை எடுப்பார், அதைக் கன்னத்தில் தட்டிக்கொண்டே யோசிப்பார், பிறகு ஒரு குவியலிலிருந்து இன்னொரு குவியலுக்கு மாற்றுவார். சமையலறையிலிருந்து வந்த அம்மா கால் வைக்க இடமில்லாமல் நின்றார்.

“என்னம்மா இது, வடாம் காயப்போட்ட மாதிரி?”

“கடைக்காரருக்கு வெப்சைட் போடறோம் அத்தை. கொஞ்சம் சுத்திப் போங்க.”

அம்மா முணுமுணுத்துக்கொண்டே சுவரோரமாகச் சுற்றிப் போனார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் போனார். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு இருந்த காலம் அது.

அண்ணி கீழ்வேளூர்ப் பெண். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில், இணையதளங்களில் எந்தப் பக்கம் எதற்காக வர வேண்டும் என்று திட்டமிடும் வேலையில் இருந்தவர். அண்ணனுக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாண விடுப்பு முடிந்ததும் அவன் விமானம் ஏறிவிட்டான். விசா கிடைக்கும்வரை அண்ணி எங்களோடு இருப்பது என்று ஏற்பாடு. அவனுடைய தங்கை நான்; தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு, ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே அலமாரியில் துணி வைத்தோம், ஒரே தட்டில் மாங்காய் நறுக்கித் தின்றோம். அப்பாவின் சிநேகிதரான உரக்கடை முதலாளி தன் கடைக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று வந்து நின்றபோது, “நான் பிளான் பண்றேன், நீ எழுது” என்று அண்ணி சொன்னார். எனக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.

முதலாளி எதிர்பார்த்தது எளிமையான விஷயம். எல்லாப் பக்கத்திலும் ‘குடவாசலில் சிறந்த உரக்கடை’ என்று வர வேண்டும். அவருடைய மருமகன் அப்படித்தான் சொல்லியிருந்தாராம். அண்ணி என்னிடம் கேட்டார். “இப்படி யார் தேடுவாங்க? இந்த ஊர்க்காரங்களுக்குக் கடை எங்க இருக்குன்னு தெரியும். தெரியாதவங்க இந்த ஊர்லயே இல்ல.” அதனால்தான் சீட்டுகள். மற்றவர்கள் சொற்களை வைத்துப் பிரிப்பார்கள். ‘உரம்’ என்று வருவதெல்லாம் ஒரு பக்கம், ‘விதை’ என்று வருவதெல்லாம் இன்னொரு பக்கம். அண்ணி ஆளை வைத்துப் பிரித்தார். கடை எத்தனை மணிவரை என்று தேடுகிறவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டவர். எந்த விதை நல்லது என்று தேடுகிறவருக்கு இன்னும் மனது நிலைப்படவில்லை. இலை ஏன் மஞ்சளாகிறது என்று தேடுகிறவர் வரப்பில் நிற்கிறார், அவருக்கு இப்போதைக்குக் கடையே வேண்டாம். “வார்த்தையைப் பாக்காத. தேடுறவங்க யாரு, எங்க நின்னுக்கிட்டுத் தேடுறாங்க, பதில் தெரிஞ்சதும் என்ன செய்யப் போறாங்க, அதப் பாரு” என்பார். முழுகிப்போச்சு, மூழ்கிவிட்டது, தண்ணி கட்டிக்கிச்சு என்று எப்படித் தட்டினாலும் எல்லாம் ஒரே கவலைதான் என்று இப்போதைய தேடுபொறிக்குப் புரியும். அதனால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிக்க வேண்டாம், கேட்டதற்கு முழுசாகப் பதில் சொல்லி, அடுத்து எழப்போகும் கேள்விக்கு அங்கேயே வழி வைத்துவிட்டால் போதும் என்றார்.

நடுவில் ஒரு பெரிய பக்கம், மழையில் மூழ்கிய சம்பாப் பயிரைப் பற்றி. அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பக்கங்கள்: தண்ணீரை வடிப்பது, வடிந்த பிறகு செய்ய வேண்டியது, பயிர் போன இடத்தில், அடர்த்தியாக வளர்ந்த குத்துகளிலிருந்து பயிரைப் பிரித்தெடுத்து நடுவது, காப்பீட்டுக்கு என்னென்ன எடுத்துப்போவது. ஒவ்வொரு பதிலையும் வேளாண்மை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டுச் சரிபார்த்தோம். பெரிய பக்கத்துக்கு நான் வைத்த தலைப்பு ‘நீரில் மூழ்கிய நெற்பயிர் மேலாண்மை’. எனக்கு அதில் ஏகப் பெருமை.

“மேலாண்மைன்னு யாராவது வரப்புல நின்னு யோசிப்பாங்களா?” என்றார் அண்ணி.

“அதுக்காகக் கொச்சையா எழுதச் சொல்றீங்களா?”

அன்று முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சாயங்காலம் கொல்லையில் துணி மடிக்கும்போது எனக்கே தோன்றியது. அப்பா வயலுக்குப் போய்விட்டு மழையோடு திரும்பும்போது அம்மா வாசலிலேயே நின்று கேட்பது ஒரே கேள்விதான். அண்ணியிடம் போய், “தண்ணீரில் மூழ்கிய பயிர் பிழைக்குமா, இப்படி வச்சா?” என்றேன். அவர் மடித்த துணியையெல்லாம் கட்டிலில் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். “இதுதான். இதேதான்” என்றார். எத்தனையோ பேர் அதற்குப் பிறகு என் எழுத்தைப் பாராட்டியிருக்கிறார்கள். யாரும் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு வந்ததில்லை.

முதலாளி ஒப்புக்கொள்வது லேசாக இல்லை. தண்ணீர் நிற்கும்போது உரம் போட வேண்டாம், போட்டால் அது தண்ணீரோடு போய்விடும் என்று எழுதியிருந்த வரியைப் படித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“ஏம்மா, உரக்கடையே உரம் போடாதேன்னு சொல்லுமா?”

“இந்த வாரம் போடாதீங்கன்னுதான் சொல்றோம் ஐயா.”

“ஊர்ல கேட்டா சிரிப்பாங்கம்மா. இந்தப் பக்கத்த எடுத்துடுங்க.”

அண்ணி எழுந்துகொள்ளவில்லை. “ஐயா, விவசாயி உரம் வாங்கறதுக்காக இதத் தேடல. வயல்ல தண்ணி நிக்குது, பயந்துபோய்த் தேடறார். அப்ப உர மூட்டையக் காட்டினா பக்கத்த மூடிட்டுப் போயிடுவார். உண்மையச் சொன்னா, தண்ணி வடிஞ்சதும் உங்களத்தான் நினைச்சுப்பார். அந்தப் பக்கம் இல்லைன்னா இந்த வேலையே எங்களுக்கு வேண்டாம்.”  முதல் வேலை கையை விட்டுப் போகிறது என்றே நினைத்தேன். முதலாளி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “மழை வரட்டும், பாக்கலாம்” என்று மட்டும் சொன்னார். பக்கம் அப்படியே வெளியானது.

ஐப்பசி முடிவில் மழை பிடித்துக்கொண்டது. வடிகால் வாய்க்கால்களில் தண்ணீர் எதிர்த்து ஏறியது. குடவாசலைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைத் தண்ணீர், அதற்கு மேலே பச்சையாக நுனி மட்டும். எங்கள் வயலும் அதில் ஒன்று. பக்கத்தின் அடியில் சந்தேகம் கேட்க என்று என்னுடைய எண்ணைத்தான் போட்டிருந்தோம். மழை விட்டும் விடாததுமாக ஒரு காலையில் முதல் அழைப்பு வந்தது. கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை செய்கிறார், தான் ஒருத்தியாக வயலைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

“பொழைக்குமான்னு போட்டிருக்கீங்களே. பொழைக்குங்களா?”

நான் அண்ணியிடம் நீட்டினேன். அண்ணி கைப்பேசியை வாங்கிக்கொண்டார். நட்டு எத்தனை நாள் ஆகிறது, நுனி வெளியே தெரிகிறதா, குருத்து பச்சையாக இருக்கிறதா, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, “குருத்து பச்சையா இருக்குன்னா பொழைக்க நிறைய வாய்ப்பு இருக்குங்க. மொதல்ல தண்ணிய வடிங்க. இப்போதைக்கு ஒண்ணும் வாங்காதீங்க. சாப்பிட்டீங்களா?” என்றார். அந்தப் பெண் சாப்பிடவில்லை. அழுதார் என்று நினைக்கிறேன். அண்ணி வைத்துவிடாமல், அவர் ஓயும்வரை ஊம் கொட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மழையில் எங்கெங்கிருந்தோ அழைத்தார்கள். தை அறுவடைக்கு முன்னால் அதே பெண் பேருந்து ஏறி வந்து உரக்கடை வாசலில் நின்று, “போன்ல பேசினவங்க யாரு?” என்று விசாரித்தார். முதலாளி தானே எங்கள் வீட்டுக்கு அவரை அழைத்து வந்தார். பயிர் முக்கால்வாசி தேறிவிட்டது என்று சொல்லி அவர் அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முதலாளி போகும்போது என்னிடம், “அடுத்த பக்கம் எதப் பத்தி எழுதப் போறீங்க?” என்று கேட்டார்.

இத்தனை பேருடைய கேள்வியைக் கண்டுபிடித்த அண்ணிக்குத் தன்னுடைய கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் கிடைக்கவில்லை. அண்ணன் கெட்டவன் இல்லை. தினமும் அழைப்பான். சாப்பிட்டாயா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாயிற்றா என்று கேட்பான், வைத்துவிடுவான். விசா வந்தது. அண்ணி போனார், சில மாதங்களில் திரும்பி வந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். ஒருநாள் மாடியில் நெல் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவராகச் சொன்னார். “உங்கண்ணன் நல்லவர்தான். ஆனா நான் ஒண்ணு கேட்டா அவர் வேற எதுக்கோ பதில் சொல்றார். அவருக்கும் அப்படித்தான் இருக்கும், பாவம்.” கோபமே இல்லாமல் சொன்னார். கோபம் இருந்திருந்தால் சரியாகிவிடும் என்று நம்பியிருப்பேன்.

பெரியவர்கள் பேசினார்கள், சமாதானம் சொன்னார்கள், பிறகு இரண்டு பேரும் சம்மதித்தே பிரிந்தார்கள். கீழ்வேளூரிலிருந்து அவருடைய அப்பா வந்து அழைத்துப்போனார். நான் பேருந்து நிலையம்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். திருவாரூர் வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக, “பக்கத்தையெல்லாம் அப்டேட் பண்ணிக்கிட்டே இரு” என்றார்.  அம்மா அன்று சாப்பிடவில்லை. கூடத்தில் மின்விசிறி நாள் முழுக்க ஓடியது.

நான் ஆசிரியராகவில்லை. இப்போது கும்பகோணத்தில், பாத்திரக்கடைக்கு மேலே ஒரு சின்ன மாடி அறையில் இதே வேலையைத்தான் செய்கிறேன். பட்டுக்கடை, பல் மருத்துவமனை, கல்யாண மண்டபம் என்று யார் யாரோ வருகிறார்கள். கீழே பித்தளையைத் தட்டும் ஓசையும் காபிக்கொட்டை வறுக்கும் மணமும் மேலே வந்துகொண்டே இருக்கும். நல்ல தலைப்பு ஒன்று அமைந்துவிட்டால் கை தானாகப் பக்கத்து நாற்காலியைத் தட்டப் போகும். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். உறவு முறிந்தால் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள் என்கிறார்கள். நாத்தனாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் வழக்கம் இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

அண்ணனுக்கு மறுபடி கல்யாணம் ஆயிற்று. வந்தவரும் நல்லவர், அமைதியானவர். அவரையும் அண்ணி என்றுதான் அழைக்கிறேன். முதல்முறை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் அழைத்தேன். பழகிவிட்டது.

கல்யாணம் முடிந்த மறுவாரம் ஒரு மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“நான்தான் பேசறேன்.”

பிரிந்த பிறகு அந்தக் குரலைக் கேட்டது அந்த ஒருமுறைதான். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா?”

“நடந்துச்சு.”

“உங்கண்ணன் சந்தோஷமா இருக்காரா?”

“இருக்கான்.”

“இருக்கட்டும்” என்றார். மனதாரச் சொன்னார். கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவமனையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பேச்சு முடிந்துவிடுமோ என்று எனக்குப் பயம் வந்தது. மண்டபத்துக்கு ஒரு பக்கம் போதுமா, தனித்தனியாக வேண்டுமா என்று கேட்டேன். பட்டுப் புடவையைப் பராமரிப்பது பற்றித் தேடுகிறவர் புடவை வாங்க வருவாரா என்று கேட்டேன். ஒன்று மாற்றி ஒன்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் நிறுத்தினார்.

“இதெல்லாம் உனக்கே தெரியும். உனக்கு என்ன வேணும், சொல்லு.”

“ஒண்ணும் இல்ல அண்ணி. ஏதாவது பேசிக்கிட்டே இருங்க.”

 அண்ணி, அங்கே காலையிலிருந்து தூறிக்கொண்டிருப்பதையும், அறையில் துணி காய இடமில்லாததையும், பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்தனுப்பிய குழம்பில் உப்பு கூடிப்போனதையும், அவசரமே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.