காதர் பாய் போட்ட இரண்டாவது கோடு

1. நான் தணிகாசலம், வேங்கிக்காலில் வசிக்கும் வழக்கறிஞன். எங்கள் ஊர் கால்பந்து லீக்கில் கோட்டு நடுவராக இருந்த காதர் பாய்க்காக லீக் குழுவின் முன் வாதாடியவன்.

2. நான் நேரில் கண்டதை மட்டுமே கண்டதாகச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை நீதிமன்றத்துக்குக் கிளம்பும்போது அவருடைய மகன் அழைத்தார். "அத்தா போயிட்டாங்க சார்." மாரடைப்பு. சற்று நேரத்தில் குழுச் செயலாளரும் அழைத்தார். "ஞாயித்துக்கெழம மேட்ச்ல ஒரு நிமிஷம் மௌனம் வெக்கிறோம் சார். கேஸும் அதோட முடிஞ்சிடுச்சு." அந்த 'அதோட' என்ற சொல்லுக்காகவே இதை எழுதுகிறேன்.

செங்கம் சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த காதர் பாய், ஆட்ட நாளில் எல்லோருக்கும் முன்னால் சுண்ணாம்புத் தூளோடு வந்துவிடுவார். மைதானத்தின் பக்கக் கோட்டுக்கு வெளியே, ஒரு மீட்டர் தள்ளி, இன்னொரு கோடு போடுவார். பயிற்சியாளர்கள் கிண்டல் செய்வார்கள்.

"இன்னா பாய், உங்களுக்குத் தனி ரோடா?"

"ஆமாங்க. நான் பந்தையும் பாக்கணும், கடைசியா நிக்கிற டிஃபெண்டரையும் பாக்கணும். குறுக்க நீங்க நிக்கிறீங்களானு பாக்க மூணாவது கண்ணு இல்லீங்க."

பயிற்சியாளர் நிற்குமிடம் பக்கக் கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்பே முடிய வேண்டும் என்பது ஆட்ட விதி. அந்த விதியைத்தான் அவர் கண்ணுக்குத் தெரியும்படி வரைந்தார்.

இந்த வழக்குக்குக் காரணமான அரையிறுதியை நான் நேரில் பார்த்தேன். பந்து முன்னால் போனது. காதர் பாய் ஆட்டத்தின் மீது கண்வைத்துக் கோட்டோரம் ஓடினார். ஒரு பயிற்சியாளர் தன் வீரனைப் பார்த்துக் கத்தியபடி இரண்டாவது கோட்டைத் தாண்டிப் பக்கக் கோடுவரை வந்து நின்றார். இருவரும் மோதி விழுந்தார்கள். "யோவ், கண்ணு தெரியலயா?" என்று பயிற்சியாளர் எழுந்தார். காதர் பாய் எழவில்லை. கிடந்தபடியே கொடியை உயர்த்தினார். அந்த வீரன் ஆஃப்சைடு. அவன் அடித்த கோல் செல்லாது.

நடுவரின் பாதையை மறித்த பயிற்சியாளருக்கு எச்சரிக்கை அட்டைகூட இல்லை. தண்டனை காதர் பாய்க்கு. எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றவர் மீது மோதினார், அனுமதியின்றிக் கூடுதல் கோடு வரைந்தார் என்று இரண்டு குற்றச்சாட்டுகள். விசாரணை முடியும்வரை இடைநீக்கம். விசாரணை முடியவே இல்லை. ஒருமுறை உறுப்பினர்கள் போதவில்லை, ஒருமுறை கார்த்திகை தீபத் திருவிழா நெரிசல், ஒருமுறை பயிற்சியாளர் ஊரில் இல்லை. நடந்த ஒரே அமர்வில் பிரதான நடுவர் ஏழுமலை, "பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று சொல்லி அமர்ந்துவிட்டார்.

அதன்பின் காதர் பாய் ஆட்டங்களை மைதானத்தின் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். "தப்புனா தப்புனு சொல்லட்டும் சார். ஒண்ணுமே சொல்லாம உட்கார வெச்சிட்டாங்களே" என்பார். இதற்குச் சட்டத்தில் என்னிடம் பதில் இருந்தது. அதைக் கேட்கும் கடமையுள்ளவர்கள்தான் கூடவில்லை.

அடக்கத்துக்கு அந்தப் பயிற்சியாளரும் வந்திருந்தார். "மனுஷனே போயிட்டாரு வக்கீல் சார், இன்னும் எதுக்கு?"

"உத்தரவு இன்னும் இருக்குதுங்களே" என்றேன். நகர்ந்துவிட்டார்.

ஏழுமலை என் பின்னாலேயே வந்தார். "நான் பாத்தேன் சார். கோச்சு கோட்டு மேலதான் நின்னாரு. சொன்னா அடுத்த மேட்ச் குடுக்க மாட்டாங்கனு பயந்துட்டேன்."

"எழுதித் தருவீங்களா?"

"தரேன் சார்."

குழுவுக்குச் சொல்கிறேன்: அவர் இறந்ததால் வழக்கு முடியலாம், அவர் பெயர்மீது நீங்கள் வைத்த குற்றம் தானாக நீங்காது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இடைநீக்க உத்தரவை ரத்து செய்யுங்கள். பக்கக் கோட்டுக்கு வெளியே அவருடைய கோட்டைப் போடுங்கள். இரண்டும் நடக்காவிட்டால் உங்கள் மௌனத்தில் நான் நிற்கமாட்டேன். காதர் பாயை அறிந்து இதைப் படிக்கும் மற்றவர்களும் நிற்க வேண்டாம்.

தன்மீது மோதியது யார் என்று திரும்பிப் பார்க்கும் முன்பே, சுண்ணாம்புப் புழுதியில் கிடந்தபடி அவர் உயர்த்திய கொடி: அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான்.

கீழே இரண்டாவது சாட்சியின் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அங்கே கையெழுத்திட வேண்டியவருக்கு அன்று தாம் எங்கே நின்றோம் என்பது தெரியும்.

(ஒப்பம்)
தணிகாசலம், வழக்கறிஞர்

சாட்சிகள்:
1. ஏழுமலை, அன்றைய ஆட்டத்தின் பிரதான நடுவர்
2. ……………………, பயிற்சியாளர்