இல்லாத நெஞ்சுவலி

எங்கள் கடை மேசை டிராயரில் எப்போதும் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டில் கிடக்கும். ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவளுக்கு இந்த அலங்காரம் ஒரு கேடா என்று என் நாத்தனார் ஒருமுறை கேட்டேவிட்டாள். அது என் நகத்துக்கு இல்லை, கம்ப்ரசருக்கு. கடையிலிருந்து புது கம்ப்ரசர் எது வெளியே போனாலும் அதன் வயிற்றில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துத்தான் அனுப்புவேன். நாளைக்கு யாராவது வந்து நின்றால் இது நம் கடைச் சரக்கா இல்லையா என்று தெரிய வேண்டுமே. காரைக்காலில் இந்தத் தொழிலுக்குக் குறைவே கிடையாது. கடற்காற்று எந்த ஃபிரிட்ஜையும் சும்மா விடாது. பின்பக்கம் துருவேறி, கேஸ் கசிந்து, எப்படியும் எங்களிடம் வந்து சேரும்.

தொழில் தெரிந்தவர் என் வீட்டுக்காரர். வீடு வீடாகப் போய் வேலை பார்த்தது எங்கள் மெக்கானிக். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணி என்பார். கடை திறந்த நாளிலிருந்து கூட இருந்தவர். எங்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர். அவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு நாங்கள் எத்தனையோ முறை வெளியூர் போய் வந்திருக்கிறோம். அவர்மேல் சந்தேகம் வர எனக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை.

திருவேட்டக்குடியிலிருந்து ஒரு மீன்காரப் பெண் வந்தபோதுதான் அந்தக் காரணம் வந்தது. வந்தவள் ஒரு பையை என் மேசைமேல் வைத்தாள். கடை முழுக்க நாற்றம் பரவியது. "புதுசு போட்டோம்னு சொல்லித்தானே அண்ணி காசு வாங்குனீங்க? இந்தாங்க, மோந்து பாருங்க. எறால் அம்புட்டும் போச்சு. ஒங்கள நம்பித்தானே உள்ள வச்சேன்?" என்றாள். தம்பி அன்றைக்கு லீவு. நானும் என் வீட்டுக்காரரும் அவளோடு போய் ஃபிரிட்ஜைத் திருப்பிப் பார்த்தோம். பின்னால் இருந்தது எங்கிருந்தோ கழற்றி வந்த பழைய கம்ப்ரசர். சிவப்புப் புள்ளி இல்லை. நாங்கள் அனுப்பிய புதுசு எங்கே போயிற்று என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேறொன்றை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்து, தம்பி போன இன்னும் சில வீடுகளிலும் ஏதோ சாக்குச் சொல்லி எட்டிப் பார்த்தோம். பக்கத்து ஊரான பட்டினத்தில் ஒரு வீட்டிலும் அதே கதை. அந்த அம்மா எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள்.

"இன்னிக்கே கூப்பிட்டுக் கேளுங்க. கணக்க முடிச்சு அனுப்புங்க" என்றேன். இங்கேதான் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெருநாயைக்கூட "கொஞ்சம் தள்ளுப்பா" என்று சொல்லும் ஆள் அவர். ஒருவர் முகத்துக்கு நேரே ஒரு கடுஞ்சொல் சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டிவிடும். மறுநாள் காலையில் குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, 'இந்த மாதிரி தெரிய வந்துச்சுப்பா' என்று அவர் ஒத்திகை பார்த்ததை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். சிரிப்பு வந்தது. கடைக்குப் போனதும் தம்பியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். தொண்டையைச் செருமினார். பிறகு நான் கனவிலும் நினைக்காத ஒன்றைச் சொன்னார்: "டாக்டரு நெஞ்சுல ஏதோ கோளாறுன்னு சொல்லிட்டாருப்பா. கடைய மூடிடலாம்னு இருக்கேன். நீ வேற எடம் பாத்துக்க."

தம்பிக்கு முகம் வெளிறிப்போயிற்று. என் பக்கம் திரும்பி, "நெசமா அண்ணி?" என்று கேட்டார். அந்த ஒரு நொடி என் கையில் இருந்தது. வாய்க்குப் பஞ்சமில்லாதவள் என்று என் புகுந்த வீட்டில் எனக்குப் பெயர். திருட்டைக் கேட்கப் போனவள், "ஆமாம் தம்பி" என்றேன். இரண்டு வாரம் ஷட்டரை இறக்கிவிட்டு, தம்பி வேறு இடத்தில் சேர்ந்ததும் திறந்துகொள்ளலாம் என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே நாங்கள் திட்டம்கூடப் போட்டுவிட்டோம். வெட்கம் அப்போது வரவில்லை. பிரச்சினை சுமுகமாக முடிந்தது என்றுதான் தோன்றியது.

எங்கே முடிந்தது? தம்பி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் ரொட்டியுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் சித்திரை வெயிலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். வந்தவர்கள் அவரைவிட நான்தான் இளைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோட்டுச்சேரியிலிருந்து வந்த ஒரு பெரியவர் தன் நெஞ்சுவலிக் கதையைச் சொல்லி அழுதபோது நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். தம்பியோ வேறு வேலை தேடவே இல்லை. "அண்ணன் எந்திரிச்சு வர்ற வரைக்கும் சம்பளம் வாணாம் அண்ணி. கடைய நான் பாத்துக்கறேன். மூடாதீங்க" என்று தினமும் வந்து நின்றார். வேண்டாம் தம்பி, வேண்டாம் தம்பி என்று நான் தினமும் சொல்லி அனுப்பினேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் சனிக்கிழமைகளில் திருநள்ளாறு பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். வெளியூர்க் கூட்டம் அப்படி இருக்கும். ஒரு சனிக்கிழமை அந்தக் கூட்டத்தில் நின்று தம்பி எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி, என் வீட்டுக்காரர் பெயருக்கு எள் தீபம் போட்டிருக்கிறார். அங்கே போய்விட்டு நேரே இன்னொருவர் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் உள்ளே வராமல், ஈரத்தலையோடு வெளியிலேயே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்லெண்ணெய் வாசனை கட்டில்வரை வந்தது.

"அண்ணே, ஒங்களுக்கு வந்தது ஒங்க பாவம் இல்லண்ணே. எம் பாவம். புதுச எடுத்துக்கிட்டு பழச மாட்டிட்டு வந்தேன். ஒரு வீடு ரெண்டு வீடு இல்ல. ஒங்க சோத்தத் தின்னுட்டு ஒங்க பேரக் கெடுத்தேன். சனி எம்மேல ஏறாம ஒங்கமேல ஏறிடுச்சு" என்று சொல்லிவிட்டு, கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார்.

இப்போது என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். எனக்கு ஒன்றுமில்லையப்பா, நானும் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? என் வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்து மெதுவாகக் கையை எடுத்தார். கம்பி வழியாக நீட்டி அந்த ஈரத்தலைமேல் வைத்தார். "விடுப்பா. இனிமே பண்ணாத" என்றார். அதையும் நோயாளியின் இழுத்த குரலிலேயே சொன்னார். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். திருடியவர் உண்மையைச் சொல்கிறார், திருட்டுக் கொடுத்தவர் படுத்துக்கொண்டு பொய்யாக மன்னிக்கிறார், இன்னொருத்தி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எங்கள் மூன்று பேரில் அன்றைக்கு யோக்கியன் யார் என்று யாராவது கேட்டிருந்தால் நான் ஜன்னலுக்கு வெளியேதான் கை காட்டியிருப்பேன்.

தம்பி போனதும் என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். "இப்பவாவது கூப்பிட்டுச் சொல்லுங்க" என்றேன். "மன்னிச்சாச்சே, இனிமே எப்படிச் சொல்றது?" என்றார். சொன்னால் தம்பி விட்ட கண்ணீரை நாங்கள் ஏமாற்றி வாங்கியதாக ஆகிவிடும். சொல்லாவிட்டாலும் அதுதான். சீக்கிரமே என் வீட்டுக்காரர் 'குணமாகி' எழுந்தார். ஷட்டர் ஏறியது. தம்பி ஏமாற்றிய வீடுகளுக்கெல்லாம் தானே போய், "தப்பு என்னோடது, மொதலாளிக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லி, கைக்காசைப் போட்டுப் புதுசு மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு திருகாணிகூட இடம் மாறியதில்லை. நான் புள்ளி வைப்பதையும் நிறுத்திவிட்டேன். பாட்டில் காய்ந்து கட்டியாகிக் கிடக்கிறது.

ஆனால் எள் தீபத்தை அவர் நிறுத்தவில்லை. இன்றைக்கும் சனிக்கிழமை தவறுவதில்லை. என் வீட்டுக்காரரை ஒரு சின்ன மோட்டாரைக்கூடத் தூக்க விடமாட்டார். "மாத்தர போட்டாங்களா அண்ணி?" என்று என்னிடம் கேட்பார். "ம்" என்பேன். எத்தனை 'ம்' சொல்லியிருப்பேனோ.

போன தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். மணமக்களை முதலில் என் வீட்டுக்காரர் காலில்தான் விழ வைத்தார். சம்பந்தி வீட்டாரிடம், "நான் தப்புப் பண்ணி நின்னப்ப, சாகக் கெடந்த நேரத்துலயும் எந்தலயில கைய வச்சவங்க இவங்க" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் அட்சதையைத் தூவிவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பார்த்தவர்கள் இன்னும் உடம்பு தேறவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

பந்தியில் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். என் வீட்டுக்காரர் இலையில் வடையோ அப்பளமோ விழவில்லை. தம்பி தானே ஒரு தூக்கோடு வந்து நின்றார். "அண்ணனுக்குத் தனியா செய்யச் சொன்னேன் அண்ணி. உப்பும் கெடயாது, எண்ணெயும் கெடயாது" என்று சொல்லிச் சோறும் சாம்பாரும் பரிமாறினார். கல்யாண வீட்டு அப்பா, ஆயிரம் வேலையை விட்டுவிட்டு, இவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றார். என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிராமல் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். "நல்லா இருக்காண்ணே?" என்று கேட்டதற்கு, "ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றார்.

எனக்கு வடை வைக்க வந்த பையனைத் தடுத்து, இலைமேல் கையை வைத்து மூடினேன். "எனக்கும் அதையே போடுங்க தம்பி" என்றேன்.

தம்பி சிரித்தார். "ஒங்களுக்கு எதுக்கு அண்ணி? ஒங்களுக்கு என்ன நோவு?" என்று சொல்லி, என் கையை நகர்த்திவிட்டு, இரண்டு வடையாக வைக்கச் சொன்னார்.