கட்டுச்சோறு சாப்பிட்டால் கிளம்ப வேண்டும்

மலேசியாவின் ஈப்போவில் எங்கள் சபையார் எங்களை வழியனுப்பியபோது ஆளுக்கொரு புத்திமதி சொன்னார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, வெயிலில் அலையாதே, ஊழியக்காரன் மனைவி முகம் சுளிக்கக் கூடாது. அம்மா மட்டும் விமான நிலையத்தில் ஒன்றே ஒன்று சொன்னாள். "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு." நான் முனைக்கடைக்குப் போனாலும் அவள் அதைத்தான் சொல்வாள்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோயம்புத்தூரில் என் கணவருக்கு வேலை காத்திருந்தது. வெள்ளகோவில் பக்கத்துச் சிறு சபைகளுக்குப் போய்வர வேண்டும். சனிக்கிழமை சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் திங்கட்கிழமைதான் திரும்புவார். எனக்குப் பீளமேட்டில் கல்லூரிப் பெண்களின் ஜெபக்குழு. ஒரு பழைய மில்லுக்குப் பின்தெருவில் மாடி வீடு கிடைத்தது. கீழே வீட்டுக்கார அக்காவும் அவர் கணவரும் இருந்தார்கள். அந்த அண்ணன் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருந்தார். இரண்டு மகன்களும் வெளியூரில்.

வேறு தேசம் என்றாலும் தமிழ்தானே, கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று வந்தோம். 'ங்க' போடாமல் பேசிய என் கணவரைப் பால்காரர் ஒரு வாரம் வருத்தத்தோடு பார்த்தார். அதன்பிறகு இவர் எல்லாவற்றுக்கும் போட ஆரம்பித்துவிட்டார். தெருநாயிடம்கூட "தள்ளிப் போங்க" என்றார்.

எனக்கு ஒரு வீம்பு இருந்தது. நாங்கள் கொடுக்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள் அல்ல. ஆனால் அக்கா விடுவதாயில்லை. காலையில் இடியாப்பம் மாதிரியான சந்தகை மேலே வரும். மத்தியானம் அரிசியும் பருப்பும் போட்டு ஆக்கிய சோறு, மேலே நெய் மிதக்க. "ஏனுங் அம்மணி, சாப்டீங்களா?" என்று படியடியில் நின்று கூப்பிடுவார். சாப்பிட்டுவிட்டேன் என்றாலும் வரும். நானும் சும்மா இருக்கவில்லை, எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், மிளகாய்ச் சம்பாலோடு செய்து கீழே அனுப்பினேன். அண்ணன் அந்தச் சம்பாலைத் தொட்டுச் சாப்பிட்டு ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, "ருசியா இருந்துச்சுங்க" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இந்த ஊர் மரியாதைக்கு ஓர் அளவே கிடையாது.

பிறகு நான் உண்டானேன். ஏழாம் மாதத்தில் ஈப்போவுக்குப் போய் அம்மாவிடம் பிள்ளை பெற்றுக்கொண்டு வருவது என்று முடிவு செய்திருந்தோம். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அந்தச் சமயத்தில் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, விமானம் வேண்டாம், மாடிப்படியையும் குறைத்துக்கொள் என்றார். அம்மாவாலும் வர முடியாது. அப்பாவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். கூட்டிப்போக அவளை விட்டால் ஆளில்லை.

அந்த நாட்களில் தலைக்கு மேல் விமானம் போகும் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் வீடு விமான நிலையத்துக்குப் பக்கம். சத்தத்துக்குக் குறைவே இல்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார் என் கணவர். "பார்த்துக்கொள்வார், துணி துவைப்பாரா? வெந்நீர் வைப்பாரா?" என்று கத்தினேன். சனிக்கிழமை இவர் வெள்ளகோவிலில் இருக்கும்போது வலி வந்தால் நான் யாரைக் கூப்பிடுவேன்? எந்தத் தாய்வீட்டுக்குப் போவேன்? பயத்தைக் கோபமாகத்தான் எனக்குக் காட்டத் தெரியும். அவர் பாவம், எழுந்து போய் வெந்நீர் வைத்தார்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அக்கா மேலே வந்தார். "வர்ற வெசாழக்கெழம கட்டுச்சோறு கொண்டாரோமுங்க. உங்க சாமிக்கு ஆகாதது ஏதாச்சும் இருந்தாச் சொல்லிப்போடுங்க, அத உட்டுப்போடலாம்" என்றார். கட்டுச்சோறு என்றால் நாங்கள் சுற்றுலாவுக்குக் கட்டிக்கொண்டு போகும் சோறு என்று நினைத்தோம். சோற்றில் என்ன ஆகாதது இருக்கப் போகிறது? சந்தோஷமாக வாருங்கள் என்றோம்.

வியாழக்கிழமை அக்கா பட்டுச் சேலையில் வந்தார். பின்னால் தூக்குகளோடு அக்காவின் தங்கை, தெருவிலிருந்து நான்கைந்து பெண்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச் சோறு. கூடவே வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம். என் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் போட்டார்கள். குங்குமத்தை எடுத்த ஒரு பெண்ணிடம் அக்கா கண்ணைக் காட்ட, அவள் சந்தனத்தை மட்டும் என் கன்னத்தில் தடவினாள். என் கணவர் நன்றி சொல்லி ஜெபம் செய்தார். ஆபிரகாம் வீட்டு விருந்தில் ஆரம்பித்து ஐயாயிரம் பேர் சாப்பிட்ட கதைவரை வந்துவிட்டார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் அவர் காலை மிதித்த பிறகுதான் ஆமென் வந்தது.

வயிறு முட்டச் சாப்பிட்டேன். அம்மா போனபின் யாரும் எனக்கு இப்படி உருட்டிக் கையில் வைத்ததில்லை என்று சொல்ல வந்தேன். அம்மா போகவில்லையே, நான்தானே வந்துவிட்டேன் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டேன். தூக்குகளைக் கழுவித் துடைத்துக் கொடுத்து, எல்லாருக்கும் கைகூப்பி, கதவுவரை வந்து அனுப்பி வைத்தோம். கதவைச் சாத்திவிட்டு நான் படுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் வாசலில் அண்ணனின் கார் நிற்கிறது. வெள்ளை வேட்டி சட்டையில் அண்ணன் முன்னால், அக்கா பின்னால். இருவரும் நிமிர்ந்து எங்கள் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ கல்யாணத்துக்குப் போகிறார்கள் போல என்று நான் கையசைத்தேன். டாட்டா காட்டினேன் என்றே சொல்லலாம். அக்காவும் குழப்பத்தோடு கையசைத்தார். கார் மட்டும் நகரவேயில்லை.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். அக்கா தனியாகப் படியேறி வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஏனுங் அம்மணி, துணிமணி எடுத்து வெக்குலீங்களா?"

"எங்கேக்கா போறதுக்கு?"

"கட்டுச்சோறு சாப்புட்டா அம்மா ஊட்டுக்குக் கெளம்போணுமல்லங்க? புள்ளயக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான சோறு கட்டிட்டு வர்றது?" சற்று நிறுத்தினார். "உங்க வேதத்துல ஆகாதுன்னா சொல்லிப்போடுங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோமுங்க. எனக்கு ரெண்டும் பசங்களாப் போச்சு. கட்டுச்சோறு கட்ட ஒரு புள்ள இல்லீன்னு இருந்தேன், அதான்…"

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சோற்றையும் தின்றுவிட்டு, கூட்டிப்போக வந்தவர்களுக்கு டாட்டாவும் காட்டியிருக்கிறேன்! யாரிடம் போவேன் என்று இரண்டு மாதமாக நான் ஏங்கியதற்கான பதில், வாசலில் வெயிலில் அரைமணி நேரமாகக் காத்துக் கிடந்திருக்கிறது. அவர் தோளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். என் கணவர் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தார்.

"கீழ் வீட்டுக்குத்தானேக்கா, எதுக்குக் கார்?" என்று அழுகையோடு கேட்டேன்.

"நல்லாச் சொன்னீங்க போங்க! படியெறங்கி வந்தா அது அம்மா ஊட்டுக்குப் போன கணக்காகுமா?"

அப்படித்தான் நான் தாய்வீட்டுக்குப் போனேன். அண்ணன் தேர் நகர்வதுபோல் மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனது. சிங்காநல்லூர் குளம்வரை போய், ஓர் இளநீர் குடித்துவிட்டு, அதே தெருவுக்கு, அதே கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். அக்கா முதலில் இறங்கி ஆரத்தித் தட்டை எடுத்தார். எங்களைப் பார்த்துத் தயங்கி, அதை மதில்மேல் வைத்துவிட்டு, "மாப்ள, உங்க மொறைல ஒரு ஜெபம் பண்ணிப்போடுங்க. சுருக்கமாங்க, புள்ள நிக்கோணும்" என்றார். அன்றுதான் என் கணவர் வாழ்க்கையிலேயே சின்னதாக ஜெபித்தார். "ஆண்டவரே, இந்த வீட்டுக்காக ஸ்தோத்திரம்" என்றார்.

வலி வந்தது ஒரு சனிக்கிழமைதான். நான் பயந்த மாதிரியே இவர் வெள்ளகோவிலில். அண்ணன்தான் காரை எடுத்தார், இந்த முறை தேர் போல அல்ல. ஆபரேஷன் அறை வாசலில் "இந்தப் புள்ளைக்கு நீங்க யாருங்க?" என்று கேட்ட நர்ஸிடம், "நான் அம்மாங்க" என்று அக்கா சொன்னது உள்ளே போகும் என் காதில் விழுந்தது. அதன்பிறகு எனக்குப் பயம் இல்லை. பெண் குழந்தை பிறந்தது. அம்மா வீடியோ அழைப்பில் பேத்தியைப் பார்த்தாள். பிறகு போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து அழுதார்கள்.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் அக்கா எங்களைப் புருஷன் வீட்டுக்கு, அதாவது மாடிக்கு, அனுப்பி வைத்தார். தொட்டில், போர்வை, கச்சாயம் எல்லாம் காரில் ஏறின. மறுபடியும் சிங்காநல்லூர் குளம், மறுபடியும் இளநீர். அக்கா வண்டியில் ஏறவில்லை. பெண்ணைப் பெற்றவள் உடன் போகக்கூடாதாம். ஜன்னலில் கைவைத்துக் குனிந்து குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"போயிச் சேந்ததும் ஒரு போன் பண்ணிப்போடு கண்ணு" என்றார்.

மேலே ஏறிக் குழந்தையைப் படுக்க வைத்ததும் போன் செய்தேன். மணி அடிப்பது கீழே ஜன்னல் வழியாகவே எனக்குக் கேட்டது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சேந்துட்டீங்களா? பாப்பா வழியில அழுவுலீங்களே?"

பாப்பா அழவில்லை என்றேன். அழுதுகொண்டிருந்தது நான்தான்.