நான் முடித்துவைத்த வாக்கியங்கள்

ஏற்காட்டில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்பதைவிடப் பேசுகிறேன் என்பது பொருத்தம். காலையில் சேலத்தில் பஸ் ஏறும்போது திறக்கும் வாய், கொண்டை ஊசி வளைவுகளில் பக்கத்து சீட்டுக்காரர் வாந்தியை அடக்கிக்கொண்டிருக்கும்போதும் மூடுவதில்லை. "கல்யாணமானதுலருந்து ஒரு பேச்ச நான் முழுசாப் பேசி முடிச்சதில்லைங்க" என்று மனைவி விருந்தாளிகளிடம் சொல்வாள். அதையும் பாதியில் வாங்கி நான்தான் முடித்துவைப்பேன்.

எம்.காம். வகுப்பில் பக்கத்து மலைக்கிராமமான நாகலூரிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பேச்சு திக்கும். சில சொற்களின் வாசலில் நின்றுவிடுவாள். தொண்டை இறுகும், கண்கள் மூடிக்கொள்ளும், பிறகு சொல் வரும். அதற்கான மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் வைத்திருந்தாள். எழுத்துத் தேர்வில் அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. பேச வேண்டிய இடங்களுக்காக நாங்கள் ஆளுக்கொரு சலுகையைக் கண்டுபிடித்தோம். ஒருவர் வருகைப் பதிவின்போது அவள் எண்ணைக் கூப்பிடாமல் முகத்தைப் பார்த்தே குறித்துக்கொண்டார். ஒரு மேடம் செமினாரிலிருந்து விலக்கு அளித்து, "நீ உக்காரு கண்ணு, மார்க் நான் போட்டர்றேன்" என்றார். என்ன வேண்டும் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

என் சலுகைதான் உயர்ந்தது என்பது என் எண்ணம். அவள் திக்கினால் சொல்லை எடுத்துக் கொடுப்பேன். சொல் என்ன சொல், முழு வாக்கியத்தையும் கொடுத்துவிடுவேன். அவள் தலையாட்டுவாள். "அந்தப் புள்ள மனசுல இருக்கறத எப்படித்தான் கண்டுபுடிக்கறீங்களோ" என்று துறைத் தலைவி ஒருமுறை வியந்தார். நான் அடக்கமாகச் சிரிக்க முயன்றேன். பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை.

அவளுடைய ஆய்வேட்டுக்கு நான்தான் வழிகாட்டி. சுற்றுலாவால் மலைக்கிராமத்துச் சிறு கடைகளுக்கு என்ன ஆகிறது என்பது தலைப்பு. நாகலூரிலும் வெள்ளக்கடையிலும் கடை கடையாக ஏறி இறங்கிக் கேட்டு வந்தாள். ஒவ்வொரு முறையும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "சார், கடைக்காரங்க என்ன சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பிப்பாள்.

"டூரிஸ்ட்டு வர்றதால யாவாரம் கூடியிருக்குங்கறாங்க, அதானே? எழுதிரு சாமி" என்பேன்.

தலையாட்டுவாள். ஐந்தாம் அத்தியாயம், அதாவது முடிவுரை, இப்படித்தான் உருவானது. அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அதை நானே டைப் செய்தும் கொடுத்தேன்.

இனி வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அதில் தேறினால்தான் பட்டம். அதற்கு முந்தின வாரம் அவள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். துறைத் தலைவியும் இருந்தார்.

"வைவால எனக்கு ஒரு..." என்று ஆரம்பித்து நின்றாள்.

"பயமா இருக்கா கண்ணு?" என்றேன்.

இல்லை என்று தலையசைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். நின்றாள்.

"எழுதிக் குடுத்தர்றியா? எக்ஸாமினர்ட்ட நான் பேசிக்கறேன்."

"இல்லைங்க சார்."

"தண்ணி வேணுமா?"

துறைத் தலைவி பேனாவால் மேசையைத் தட்டினார். "ஏனுங்க சார், அந்தப் புள்ள வாயத் தொறந்தா உங்க பேச்சுதான் வருது. கொஞ்சம் சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். அது எவ்வளவு நீளமானது என்று அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் அவள் சொன்னாள்: "எனக்கு நேரம் குடுத்தாப் போதுங்க மேடம். யாரும் எடுத்துக் குடுக்க வேண்டாங்க. சாரும்."

தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் வாரி வழங்கியவனிடம் வந்து, அதை நிறுத்துவதுதான் தனக்கு வேண்டிய சலுகை என்றால் எப்படி இருக்கும்? துறைத் தலைவி அன்றே முதல்வரிடம் பேசிவிட்டார். அவளுக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. அவள் பேசும்போது குறுக்கே யாரும் வாய் திறக்கக் கூடாது. "உங்களால முடியாதுன்னா வராந்தாவுல உக்காந்துக்குங்க" என்றார் என்னிடம். ரோசம் வந்து, உள்ளேயே இருப்பதாகச் சொல்லிவிட்டேன்.

தேர்வாளர் சேலத்திலிருந்து வந்த மூத்த பேராசிரியர். எங்கள் குளிரை நம்பாமல் மப்ளரைத் தலையோடு சுற்றியிருந்தார். பக்கத்தில் துறைத் தலைவி உட்கார்ந்திருந்தார். நான் முன்னெச்சரிக்கையாக ஒரு கமர்கட்டை வாயில் போட்டுப் பல்லோடு பல்லை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"உங்க ஆய்வோட முடிவு என்னம்மா?" என்று கேட்டார்.

"சுற்றுலா வந்ததால..." அவள் நின்றாள். அவர் காத்திருந்தார். மிச்சம் எனக்குத் தெரியும். 'சிறு கடைகளின் வருமானம் கணிசமாக உயர்ந்துள்ளது.' நான் டைப் செய்த வரி. அது நாக்கு நுனிவரை வந்து கமர்கட்டில் முட்டிக்கொண்டு நின்றது. அவள் கண்களை மூடித் திறந்தாள்.

"...எங்க ஊர்க் கடைங்களுக்கு நட்டம்தானுங்க சார்."

கமர்கட்டில் மிச்சம் இருந்ததை அப்படியே விழுங்கிவிட்டேன்.

தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார். "அஞ்சாவது அத்தியாயத்துல லாபம்னுல்ல போட்டிருக்கு?"

"அது சார் சொன்னதுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே பனிமூட்டம், பார்ப்பதற்கு அங்கேயும் ஒன்றுமில்லை. அவள் நின்று நின்று, ஆனால் ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"லீவு நாள்ல டவுன்ல காரு அடைச்சுக்குதுங்க. எங்க பஸ்ஸு நேரத்துக்கு வர்றதில்லை. கடைக்கு ரொட்டியும் காயும் அதுலதான் வரோணும். மத்தியானத்துக்கு மேல வர்ற காய யாரு வாங்குவாங்க? டூரிஸ்ட்டுங்க தண்ணி பாட்டில் மொதக்கொண்டு சேலத்துலயே வாங்கிட்டு வந்தர்றாங்க. எங்க கடைங்கள்ல வழி மட்டும்தான் கேக்கறாங்க."

தேர்வாளர் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார்: "இத ஏம்மா உங்க கைடுகிட்ட முன்னாலயே சொல்லல?"

"சொன்னேங்க சார்." கொஞ்சம் நின்றாள். "ஒவ்வொரு வாட்டியும் ஆரம்பிச்சேன். சார் முடிச்சுட்டாரு."

குரலில் கோபமே இல்லை. நேற்று மழை பெய்தது என்பதுபோல் சொன்னாள். தலையாட்டினாளே! அத்தனை தலையாட்டலையும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். மறுத்துச் சொல்ல வேண்டுமானால் அவள் இன்னொரு வாக்கியத்தை ஆரம்பிக்க வேண்டும். அதையும் நான் முடித்துவிடுவேன். தலையாட்டிவிட்டுப் பஸ்ஸைப் பிடிப்பது எவ்வளவோ சுலபம்.

தேர்வாளர் பேனாவை மூடினார். "ஏட்டுல ஒண்ணு, வாயில ஒண்ணு. இத நான் எப்படிம்மா பாஸ் பண்றது?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. துறைத் தலைவி என் பக்கம் திரும்பினார். "இப்பப் பேசுங்க சார். பேச வேண்டியது இப்பத்தான்."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எடுத்துக் கொடுக்க யாரும் முன்வரவும் இல்லை.

"அந்த அத்தியாயம் என்னுதுங்க" என்றேன் ஒருவழியாக. "கேட்டு வந்ததெல்லாம் அந்தப் பொண்ணு. நாலாவது அத்தியாயத்தப் பாருங்க."

பார்த்தார். கடைக்காரர்கள் சொன்னதெல்லாம் அங்கே அட்டவணையாக, அவள் சொன்னபடியே இருந்தது. "இத வெச்சுக்கிட்டு எப்படி சார் லாபம்னு எழுதினீங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அட்டவணையை நானும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

"முடிவுரைய நீயே மாத்தி எழுதிக் குடும்மா, பாஸ் போட்டர்றேன்" என்றார் அவளிடம். "வைவா மார்க் இப்பவே." எழுதி, துறைத் தலைவியிடம் காட்டினார். அவருடைய புருவம் உயர்ந்தது. என்னிடம் காட்டவில்லை.

வெளியே வந்தபோது வராந்தாவில் நின்றிருந்தாள். "சார்..." என்று ஆரம்பித்து நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள். 'அதெல்லாம் எதுக்கு கண்ணு' என்று பதில்கூடத் தயாராக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கீழே நாகலூர் பஸ் ஹாரன் அடித்தது. அவள் அவசரப்படவில்லை.

"அஞ்சாவது அத்தியாயத்த நானே டைப் பண்ணிக்கறேங்க சார். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"செரி கண்ணு" என்றேன். மேற்கொண்டு சொல்ல நிறைய இருந்தது. சொல்லவில்லை.